இறையியலாளரும் உளவியலாளரும் இணைந்து ஆய்வு செய்ய: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரியில் இருந்துகொண்டு சமய நம்பிக்கையையும் மனநலத்தையும் சேர்த்து ஆராய விரும்பும் ஒருவருக்கு, எங்கே தொடங்குவது, யாரிடம் எந்தக் கடிதம் வாங்குவது, எதற்கு முன் எதைச் செய்வது என்று சொல்லித் தர ஆள் கிடைப்பது அரிது. உளவியல் துறையில் கேட்டால் இறையியல் தங்கள் எல்லைக்குள் வராது என்கிறார்கள். இறையியல் கல்லூரியில் கேட்டால் புள்ளியியல் தங்களுக்குப் பழக்கமில்லை என்கிறார்கள். உளவியல் படித்த நானும் இறையியல் கற்பிக்கும் ஓர் அருட்தந்தையும் சேர்ந்து ஓர் ஆய்வை நடத்தியபோது, இந்த இரண்டுக்கும் நடுவே அலைந்து தெரிந்துகொண்டவற்றை அடுத்து வருபவருக்காக இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுக் கேள்வி உருவாகும்போதே இறையியலாளர் உடனிருக்க வேண்டும். தரவெல்லாம் திரட்டிய பிறகு விளக்கவுரை எழுத மட்டும் அவரை அழைப்பதும், பங்கு மக்களிடம் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்தவர்களிடம்) எளிதாக நுழைவதற்கு அவருடைய பெயரைப் பயன்படுத்துவதும் கூட்டாய்வு ஆகாது.

1. கேள்வியை இருவரும் சேர்ந்து எழுதுங்கள்

மனிதருடைய நம்பிக்கை, உணர்வு, நடத்தை, உறவு ஆகியவற்றை உளவியலால் அளக்க முடியும். இறைவன் செயல்பட்டாரா என்பதை எந்த வினாநிரலாலும் அளக்க முடியாது. இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே பேசித் தீர்க்காவிட்டால் பாதி வழியில் மனக்கசப்பு வரும். ‘நோன்பிருந்து வேண்டினால் மனச்சோர்வு தீருமா’ என்று கேள்வியை அமைத்தால் இரு தரப்பும் தத்தம் நிலையைக் காக்கத்தான் முயலும். ‘மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவோர் தம் வேண்டுதலை எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள், அந்தப் புரிதலுக்கும் மருந்தைத் தவறாமல் உட்கொள்வதற்கும் தொடர்பு உண்டா’ என்று அமைத்தால் இருவருக்கும் உண்மையான வேலை இருக்கிறது.

2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வை இதற்காகவே படித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய மனநோயாளிகள் 31 பேரை ஆய்வாளர்கள் அங்கேயே மதிப்பிட்டார்கள். தங்கிய காலத்தில் நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தெய்வம் குணப்படுத்தியது என்றோ இல்லை என்றோ அவர்கள் சொல்லவில்லை. அச்சுறுத்தாத, ஆதரவான சூழல் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அந்த இடத்தில் ஓர் இறையியலாளர் இருந்திருந்தால், அங்கே தங்கியவர்கள் தம் நேர்த்தியை என்னவாகக் கருதினார்கள், குணமாதல் என்பதை அவர்கள் எந்தச் சொல்லால் குறித்தார்கள் என்ற அடுத்த கேள்வியும் எழுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

செய்முறை இது: இருவரும் தனித்தனியே ஒரு பக்கம் எழுதுங்கள். ‘இந்த ஆய்விலிருந்து என் துறை எதைத் தெரிந்துகொள்ளும், எதை இந்த ஆய்வு ஒருபோதும் சொல்லாது’ என்பதே அதன் பொருளாக இருக்கட்டும். பக்கங்களை மாற்றிக்கொண்டு படித்த பிறகு ஒரே கேள்வியாக எழுதுங்கள். ஒரு மாதம் பிடித்தாலும் இதை அவசரப்படுத்த வேண்டாம்.

2. துணையை எங்கே தேடுவது

இரு மாவட்டங்களும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருபவை. உளவியல் துறை அங்கே இருக்கிறது. ஓசூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெங்களூரே அருகில்: தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், கிறைஸ்ட் பல்கலைக்கழக உளவியல் துறை, கத்தோலிக்க இறையியல் நிறுவனமான தர்மாராம் வித்யா க்ஷேத்திரம், யுனைடெட் தியாலஜிகல் கல்லூரி ஆகிய நான்கும் அந்த ஒரே நகரில் உள்ளன. ஆற்றுப்படுத்தலையும் சமயத்தையும் சேர்த்துப் பயிற்றுவிக்கும் கிறிஸ்தவ ஆலோசனை மையம் வேலூரில் உண்டு. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவ இயல், இஸ்லாமிய ஆய்வு ஆகியவற்றுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தனித்தனி அமைப்புகள் இருப்பதால், உங்கள் ஆய்வு எந்தச் சமயத்தைச் சார்ந்ததோ அதற்கேற்ற அறிஞரை அங்கே தேடலாம்.

முதல் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ‘உங்கள் ஒத்துழைப்பை நாடுகிறோம்’ என்ற பொதுச்சொல்லை விட்டு, எத்தனை மாதம், எத்தனை சந்திப்பு, கட்டுரையில் பெயர் உண்டா, பயணச் செலவு யாருடையது என்ற நான்கையும் குறிப்பிடுங்கள்.

முனைவர் பட்டத்துக்காகச் செய்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள், வேறு துறையிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ இணை நெறியாளரை உரிய அனுமதியுடன் வைத்துக்கொள்ள இடம் தருகின்றன. ஆனால் குருமடத்தில் அல்லது திருச்சபைசார் கல்வி நிறுவனத்தில் பட்டம் பெற்ற பேராசிரியர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இணை நெறியாளராகப் பதிவு பெறுவது தானாக நடந்துவிடாது. பதிவு செய்வதற்கு முன்பே எழுத்துமூலம் கேட்டு, பதிலையும் எழுத்துமூலம் பெற்றுக்கொள்ளுங்கள். மறுத்தால், முனைவர் குழுவில் வல்லுநராகவோ ஆலோசகராகவோ அவரைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

3. புரிந்துணர்வுக் கடிதம்

இரண்டு தாளுக்குள் முடியும் இந்தக் கடிதத்தைப் பலர் நட்பின் பேரில் தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்க்காதீர்கள். உளவியலில் பலர் சேர்ந்து எழுதும் கட்டுரையே வழக்கம். இறையியலில் ஒருவர் தனித்து நீண்ட நூலாக எழுதுவதே பெரும்பாலும் மரபு. ஆகவே ‘இணை ஆசிரியர்’ என்பதன் பொருளை இருவரும் வெவ்வேறாக எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். பெயர் வரிசை, தரவு யாருடைய பொறுப்பில் இருக்கும், ஒருவர் விலகினால் என்ன ஆகும், முடிவுகள் ஒரு தரப்பின் நம்பிக்கைக்கு ஒவ்வாதவையாக இருந்தாலும் வெளியிடப்படுமா ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிடுங்கள். கடைசியாகச் சொன்னதை எழுதத்தான் எல்லோரும் தயங்குவார்கள். அதைத்தான் கட்டாயம் எழுத வேண்டும்.

4. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்

ஆய்வு பங்கேற்பாளருக்குத் தீங்கின்றி நடக்குமா என்று பார்ப்பது நெறிமுறைக் குழு. முதல் வினாத்தாள் ஒருவர் கைக்குப் போகும் முன் அதன் ஒப்புதல் கிடைத்திருக்க வேண்டும். தரவைத் திரட்டிய பிறகு அதற்கு எந்தக் குழுவும் ஒப்புதல் தராது. ஒப்புதல் இல்லாமல் திரட்டிய தரவை நல்ல இதழ்கள் ஏற்பதும் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளே இங்கு அடிப்படை. அந்த நெறிமுறைகளின்படி அமையும் குழுவில் சமூக அறிவியலாளர், மெய்யியலாளர், அறவியலாளர், இறையியலாளர் ஆகியோரில் ஒருவருக்கு இடம் உண்டு. இறையியலாளருக்கு இந்த ஆய்வில் என்ன வேலை என்று உங்கள் நிறுவனத்தில் யாரேனும் கேட்டால் இதைச் சுட்டிக்காட்டலாம். உங்கள் கல்லூரியில் குழு இல்லையென்றால், குழு உள்ள வேறு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு அதன்வழி விண்ணப்பிக்கலாம்.

பொதுவாகக் கேட்கப்படும் ஆவணங்கள்: ஆய்வு முன்மொழிவு, பங்கேற்பாளருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம், முழு வினாநிரல் (களத்தில் பயன்படுத்தும் ஒவ்வொரு மொழியிலும்), இரு ஆய்வாளர்களின் தன்விவரக் குறிப்பு, துறைத் தலைவரின் கடிதம், செலவுத் திட்டம், நலன் முரண் (ஆய்வாளரின் சொந்த நலன் ஆய்வைப் பாதிக்கக்கூடிய நிலை) குறித்த அறிவிப்பு, களம் அமையும் இடத்தின் அனுமதிக் கடிதம்.

இந்தக் கடைசிக் கடிதத்தில்தான் பெரும்பாலோர் சிக்குகிறார்கள். களத்தின் அனுமதி இல்லாமல் குழு விண்ணப்பத்தை எடுக்காது. குழுவின் ஒப்புதல் இல்லாமல் களத்தார் அனுமதி தரமாட்டார்கள். எங்கள் விண்ணப்பமும் ஒரு நிறுவனத்தில் இதனாலேயே நெடுநாள் நகராமல் கிடந்தது. ‘நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டு இந்த ஆய்வுக்குக் கொள்கையளவில் இசைவு தெரிவிக்கிறோம்’ என்ற ஒரு வாக்கியத்துடன் களத்தாரிடம் கடிதம் வாங்கினால் இந்த முடிச்சு அவிழும். அந்த வாக்கியத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டு போங்கள்.

சமயம் சார்ந்த ஆய்வில் குழு கூர்ந்து பார்ப்பவற்றில் முதலாவது, ஆய்வாளரே குருவாகவும் இருப்பது. பங்குத் தந்தையோ போதகரோ ஹஜ்ரத்தோ கேட்டால் ஊர் மக்கள் மறுக்க மாட்டார்கள். அப்படிக் கிடைக்கும் ஒப்புதல் சுதந்திரமான ஒப்புதல் ஆகாது. அவர் பொதுவாக ஓர் அறிவிப்பு செய்யலாம். ஒப்புதல் கேட்பதும் வினாத்தாள் நிரப்புவதும் அந்த ஊரில் அதிகாரம் எதுவும் இல்லாத வேறொருவர் வேலையாக இருக்க வேண்டும். யார் பங்கேற்றார், யார் மறுத்தார் என்பது குருவுக்குத் தெரியவே கூடாது. கத்தோலிக்கக் குருவுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவ அறிக்கையில்) கேட்டதை வெளிப்படுத்துவதைத் திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் பிரிவு முற்றிலும் தடுக்கிறது. ஆகவே அங்கே கேட்டவற்றைப் பெயர் மறைத்தும்கூட ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள்.

இரகசியம் காப்பதன் எல்லையையும் தகவல் தாளில் சொல்லியாக வேண்டும். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிய வரும் எவரும் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். நேர்காணல் தொடங்கும் முன்பே பங்கேற்பாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோரைச் சேர்த்தால் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவு பொருந்தும். நேர்காணல் மட்டுமே என்றாலும் தெளிந்த, சுதந்திரமான ஒப்புதல் கட்டாயம். சிறார் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவும் அதற்கு மேல் 18 வரை எழுத்துவழி இசைவும் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி கையொப்பமிட வேண்டும். அந்தச் சாட்சி கோயில் பூசாரியாகவோ உபதேசியாராகவோ இருக்க வேண்டாம்.

5. அளவுகோலைத் தேர்வதும் மொழிபெயர்ப்பதும்

இறையியலாளரின் உழைப்பு மிகுதியாகத் தேவைப்படும் கட்டம் இது. சமயமும் உளவியலும் குறித்த அளவுகோல்களில் பல, அமெரிக்கப் புராட்டஸ்டண்டு சபைகளின் வழக்கத்தை மனத்தில் வைத்து உருவானவை. ஒருவருடைய சமய ஈடுபாட்டை அளக்கும் ட்யூக் சமயக் குறியீட்டில் ஐந்தே கேள்விகள்தாம். முதல் கேள்வி, வழிபாட்டுக் கூட்டங்களுக்கு எவ்வளவு அடிக்கடி செல்கிறீர்கள் என்பது. அதியமான்கோட்டைக் காலபைரவருக்குத் தேய்பிறை அட்டமியில் மட்டும் செல்லும் பெண்ணும், ஐந்து வேளையும் வீட்டிலேயே தொழும் கிருஷ்ணகிரி முஸ்லிம் பெண்ணும் அந்தக் கேள்வியில் குறைந்த மதிப்பெண்ணே பெறுவார்கள். அது அவர்களுடைய பக்தியின் குறைவன்று, கேள்வியின் குறை.

துன்பத்தைச் சமயத்தின் துணையோடு ஒருவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதை அளக்கும் ‘பிரீஃப் ஆர்கோப்’ என்னும் அளவுகோலில் 14 கூற்றுகள் உண்டு. ஏழு ஆக்கமானவை, ஏழு துயரைக் காட்டுபவை. கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ என்று எண்ணினேன் என்ற கூற்று துயர்ப் பட்டியலில் வருகிறது. ஆனால் பார்வையிழந்த நிலையில் திருவாரூர்ப் பெருமானை ‘வாழ்ந்து போதீரே’ என்று சாடிய சுந்தரரின் பதிகமும், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று தொடங்கும் 22ஆம் திருப்பாடலும் அந்தந்த மரபில் வழிபாடாகவே ஓதப்படுகின்றன. ஆகவே இறைவனிடம் கோபித்துக்கொள்ளும் ஒருவர் நம்பிக்கை உடைந்தவரா, நெருக்கத்தின் உரிமையில் பேசுபவரா என்பதை எண் மட்டும் சொல்லாது. வினாத்தாளோடு 15 முதல் 20 பேரிடம் நீண்ட நேர்காணலும் செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒவ்வொரு கூற்றுக்கும் இறையியலாளர் தம் குறிப்பை எழுதித் தர, அதை ஆய்வேட்டின் இணைப்பாகச் சேர்க்கலாம்.

மொழிபெயர்ப்புக்கு ஒழுங்கான வழி: இருவர் தனித்தனியே தமிழாக்கம் செய்ய வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்க வேண்டும், இறுதியில் ஒரு சிலரிடம் வாசித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று கேட்க வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். கிருஷ்ணகிரி நகரில் உருது பேசுவோர் உண்டு. தமிழ்ப் படிவம் ஒன்றே போதும் என்று இருந்துவிட வேண்டாம். அளவுகோலை உருவாக்கியவரிடம் மின்னஞ்சலில் அனுமதி கேட்டு அந்தப் பதிலைச் சேமித்து வையுங்கள். மனச்சோர்வுக்கான பிஎச்கியூ-9 வினாநிரலுக்கு அனுமதியும் கட்டணமும் தேவையில்லை, தமிழிலும் கிடைக்கிறது.

ஆனால் அதன் ஒன்பதாவது கேள்வி, சாவதே மேல் என்ற எண்ணமோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. ஒருவர் ஆம் என்று குறித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட, நீங்கள் மூன்று மாதம் கழித்து அதைக் கணினியில் ஏற்றும்போது பார்ப்பது மன்னிக்க முடியாதது. அன்றன்றைய தாள்களை அன்றே, அவர் இடத்தை விட்டுப் போகும் முன்பே பாருங்கள். யாரிடம் அனுப்புவது என்பதை மாவட்ட மனநலத் திட்டத்தாரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104 ஆகிய இரண்டையும் தகவல் தாளிலேயே அச்சிடுங்கள். உளவியல் முதுகலை படித்த எல்லோரும் மருத்துவ உளவியலாளர் அல்லர்; சிகிச்சைக்கு அனுப்பும்போது இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்புங்கள்.

6. களத்தில் யாரிடம் அனுமதி

கத்தோலிக்கப் பங்குகள் என்றால், 1997இல் உருவான தருமபுரி மறைமாவட்டம் இரு மாவட்டங்களையும் உள்ளடக்கியது. கோவிலூர், பி. பள்ளிப்பட்டி, எலத்தகிரி போன்ற ஊர்களில் களம் அமைப்பதானால் முதலில் ஆயர் இல்லத்துக்கும் பிறகு பங்குத் தந்தைக்கும் எழுதுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பிற திருச்சபைகளில் போதகரோடு சபைக் குழுவும், பள்ளிவாசலில் ஜமாஅத் தலைவரும் முத்தவல்லியும் (பள்ளிவாசல் நிர்வாகியும்) இசைய வேண்டும். அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயிலுக்குச் செயல் அலுவலர்; ஊர்க் கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் ஊர்ப் பெரியவர்களும். பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலர், அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு முதல்வர்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு படி கொண்டு போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அனுமதி கடிதமாக வருவதற்குள் அதிகாரி மாறினால் அந்த ஒரு தாள்தான் உங்களுக்குத் துணை.

7. செலவு

250 பேருக்குப் பத்துப் பக்க வினாத்தாள் என்றால் 2,500 பக்கம். பக்கத்துக்கு ஒன்று முதல் இரண்டு ரூபாய் என்று வைத்தால் 2,500 முதல் 5,000 ரூபாய். இது சிறிய செலவு. பெரியவை மூன்று: மொழிபெயர்ப்பாளர் ஊதியம், பயணம், ஒலிப்பதிவை எழுத்தாக்குவது. ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தாக்க ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். 20 நேர்காணல் என்றால் 100 மணி நேரத்துக்கு மேல். பங்கேற்பாளருக்கு இழந்த கூலியையும் பேருந்துச் செலவையும் ஈடு செய்யலாம். அதற்காகவே கலந்துகொள்ளத் தூண்டும் அளவுக்குத் தரக் கூடாது. நெறிமுறைக் குழுவின் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மாணவருக்குச் சலுகை உண்டா என்று கேளுங்கள். கணக்கீட்டுக்கு ஜமோவி, ஜாஸ்ப், ஆர் ஆகிய இலவச மென்பொருள்கள் போதும். இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் நிதிக்கு நிறுவனத்தின் வழியாகவே விண்ணப்பிக்க முடியும் என்பதால், இரு ஆய்வாளரில் யாருடைய நிறுவனம் பணத்தை ஏற்கும் என்பதையும் மூன்றாம் படியில் சொன்ன கடிதத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

8. காலம்

கேள்விக்கும் கடிதங்களுக்கும் மூன்று மாதம், நெறிமுறைக் குழுவுக்கு இரண்டு முதல் நான்கு மாதம், மொழிபெயர்ப்புக்கும் முன்னோட்டத்துக்கும் இரண்டு மாதம், களத்துக்கு நான்கு மாதம், பகுப்பாய்வுக்கும் எழுத்துக்கும் ஆறு மாதம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். களத்துக்கான மாதங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தவக்காலத்திலோ ரமலானிலோ ஆடியிலோ எடுத்த தரவு, ஆண்டு முழுதும் உள்ள சமய வாழ்க்கையைக் காட்டாது. கோடையில் மாந்தோப்புகளில் அறுவடை நடக்கும்போது கிருஷ்ணகிரிப் பக்கத்தில் உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் இராது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் பண்டிகைக்குத்தான் ஊர் திரும்புவார்கள்; அவர்களையும் சேர்க்க வேண்டுமானால் ஞாயிறுகளையும் விடுமுறைகளையும் ஒதுக்கி வையுங்கள்.

9. எழுதி வெளியிடுவது

‘மென்டல் ஹெல்த், ரிலிஜன் அண்ட் கல்ச்சர்’, ‘ஜர்னல் ஆஃப் சைக்காலஜி அண்ட் தியாலஜி’ போன்ற இதழ்கள் இரு துறையும் கலந்த கட்டுரைகளை வெளியிடுகின்றன. அனுப்புவதற்கு முன் ஒவ்வோர் இதழின் மேற்கோள் முறையையும் சொல் எல்லையையும் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் ‘கேர்’ பட்டியல் 2025இல் கைவிடப்பட்டதால், இதழின் தரத்தை இனி நீங்களே சோதிக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய் கட்டினால் ஒரு வாரத்தில் ஏற்புக் கடிதம் தருவதாகச் சொல்பவர்களை அணுகவே வேண்டாம்.

கட்டுரை அனுப்பும் முன் முடிவுகளைக் களத்துக்குக் கொண்டு போங்கள். பங்கு மன்றத்திலோ ஊர்க் கூட்டத்திலோ எளிய தமிழில் அரை மணி நேரம் சொல்லி, அவர்கள் மறுப்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிறிய ஊரில் பெயரை மறைத்தாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும் மேற்கோள்களை இந்தக் கட்டத்தில்தான் கண்டுபிடித்து நீக்க முடியும். நெறிமுறைக் குழுவுக்கு நிறைவறிக்கை அனுப்புங்கள். ஒப்புதல் படிவங்களை ஒரு பூட்டிய பெட்டியிலும், பெயரையும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் பட்டியலை வேறொரு பெட்டியிலும், ஆய்வு முடிந்த நாளிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருங்கள். சாவி உளவியலாளரிடம் இருக்கட்டும், அந்த மக்களுக்குக் குருவாக இருப்பவரிடம் வேண்டாம்.